ஆவி பட்டதும் தானாக பீப் அடிக்கும் ஓவன் பேனல்

கோழி ரோஸ்ட் முடிந்து ஓவன் கதவைத் திறந்ததும் பேனல் தானாக பீப் அடிக்கிறது, பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை என்று கேட்டிருந்தீர்கள். உடனே கன்ட்ரோல் போர்டை மாற்றாதீர்கள். பெரும்பாலும் டச் பேனலுக்குப் பின்னால் நீர் கோத்திருக்கும். எம்சிபியை (மின்பெட்டியில் ஓவனுக்கான ட்ரிப் சுவிட்ச்) இறக்கிவிட்டு, கதவைத் திறந்து வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஹீட் கன் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.

பிறகு ஆவி வந்த வழியைப் பாருங்கள். கூலிங் ஃபேன் உள்ள ஓவனில், அணைத்த பின்னும் சூடு இறங்கும்வரை அது ஓட வேண்டும். சத்தமே இல்லையென்றால் கோளாறு அங்கே இருக்கலாம். கதவின் மேல் விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வந்தால் கேஸ்கெட் (கதவோரத்தில் ஆவியை அடைக்கும் பட்டை) தளர்ந்திருக்கிறது.

காய்ந்தும் அடங்கவில்லையா? பேனலை போர்டுடன் இணைக்கும் ரிப்பன் கேபிள் முனையில் பச்சையாகத் துரு பூத்திருக்கலாம். டெக்னீஷியனிடம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கச் சொல்லுங்கள். இனி ஓவன் சூடாக இருக்கும்போது கதவை ஒருக்களித்து வைக்காதீர்கள், ஆவி நேரே பேனலில் ஏறும்.