இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறவில்லையா? கேள்விகளும் பதில்களும்

வீட்டு இன்வெர்ட்டர்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்பதால், சார்ஜ் தொடர்பாக வந்த கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். தனியாகச் சொல்லாத இடங்களில் 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) டியூபுலர் (குழாய்த் தகடு) பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தால் நல்லது.

கேள்வி: சார், 'சார்ஜிங்' லைட் நாள் முழுக்க எரிகிறது. ஆனால் கரண்ட் போனால் இருபது நிமிடத்தில் பீப் அடித்து நின்றுவிடுகிறது. பேட்டரிக்கு மூன்று வயது. மாற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். சார்ஜர் வேலையில் இருக்கிறது என்பதைத்தான் அந்த லைட் காட்டும். பேட்டரிக்குள் என்ன போய்ச் சேருகிறது என்பது அதற்குத் தெரியாது. அதை மீட்டரிடம்தான் கேட்க வேண்டும்.

இன்வெர்ட்டரையும் அதன் பிளக்கையும் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, பேட்டரியின் ஈயக் குமிழ் மேலேயே முனைகளை வைத்து அளக்க வேண்டும், வயர் நுனியில் நசுக்கி மாட்டிய உலோக வளையமான லக் மேலே அல்ல. 12.7 வந்தால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் பாதி. 11.8 என்றால் கிட்டத்தட்டக் காலி. 10.5 பக்கம் நின்றால் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது பிளக்கைப் போட்டுவிட்டுக் கவனியுங்கள். வோல்ட் அசையவே இல்லை என்றால் சார்ஜ் வந்து சேரவில்லை. ஃபியூஸ், வயர், சார்ஜர் போர்டு மூன்றில் ஒன்று கோளாறு. 13-ஐத் தாண்டி, மணிக்கணக்கில் மெதுவாக 14.4 வரை ஏறினால் எல்லாம் சரி. பத்து நிமிடத்திலேயே 14.4-க்குத் தாவினால் சார்ஜர் மேல் குற்றமில்லை, பேட்டரிக்குத்தான் வாங்கிக்கொள்ளத் தெம்பில்லை.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இதே தொல்லை. பேட்டரியை மாற்றினேன். மூன்றே மாதத்தில் பழைய கதை திரும்பியது. அப்புறம்தான் ஒரு முனையை ஈயக் குமிழிலும் இன்னொன்றை அதே பக்கத்து வயரின் செம்பிலும் வைத்துப் பார்த்தேன். சார்ஜ் ஓடும்போது அந்த இடத்தில் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். எனக்கு 0.6 வோல்ட் காட்டியது! லக்கை வயரோடு நசுக்கிய இடத்தில், டேப்புக்கு அடியில் பச்சைப் பூஞ்சை போல அரித்திருந்தது. வெளியே பளபளவென்று இருந்ததால் சந்தேகமே வரவில்லை.

12 ஆம்ப் ஓடும்போது 0.6 வோல்ட் அங்கே போகிறது. கரண்ட் போய், ஃபேனும் லைட்டுமாக 20 ஆம்ப் இழுத்தால் 1 வோல்ட் போகும். பேட்டரியில் 11.5 இருக்கும்போதே இன்வெர்ட்டர் கண்ணுக்கு 10.5 தெரிகிறது, உடனே கட் செய்துவிடுகிறது. சார்ஜ் ஏறும்போதும் அப்படித்தான். இன்வெர்ட்டர் தன் பக்கம் 14.4 வந்துவிட்டது என்று நினைக்கும், பேட்டரிக்குக் கிடைப்பது 13.8. நல்ல பேட்டரியைத் தூக்கிக் கொடுத்தது இன்னும் உறுத்துகிறது.

கேள்வி: அண்ணா, கரண்ட் இருக்கும்போதே எங்கள் இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடுகிறது. காலையில் பார்த்தால் பேட்டரி காலி.

பதில்: பின்பக்கம் ஒரு சின்னக் கறுப்பு பட்டனோ எம்சிபியோ (தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கும். அது வெளியே துள்ளியிருந்தால் உள்ளே அழுத்துங்கள். அழுத்தியதும் அப்படியே நின்றால் சரி. மறுபடி துள்ளினால் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்காதீர்கள், உள்ளே ஏதோ ஷார்ட்.

பட்டன் சரியாக இருந்தால் 'யூபிஎஸ்' சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். 230 வோல்ட் லைனில் அந்த மோடு பெரும்பாலும் 180-க்குக் கீழே இறங்கினாலே மெயினை ஒதுக்கிவிடும். சாதா மோடில் 100, 110 வரைகூடத் தாங்கும். இரவில் வோல்டேஜ் இறங்கும் லைன் என்றால் சாதா மோடுக்கு மாற்றுங்கள். கம்ப்யூட்டர் ஓடும் வீட்டில் மட்டும் யோசித்துச் செய்யுங்கள், மாறும் நேரம் கூடுவதால் சிலது ரீஸ்டார்ட் ஆகும்.

கேள்வி: தண்ணீர் குறைந்திருக்கிறது. கொஞ்சம் ஆசிட் ஊற்றினால் பழைய தெம்பு வருமா?

பதில்: வராது, ஊற்றாதீர்கள். சார்ஜில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. டிஸ்டில்ட் வாட்டர் போதும். குழாய்த் தண்ணீர், குடிக்கிற கேன் தண்ணீர் இரண்டும் வேண்டாம்.

கேள்வி: கிளாம்ப் மீட்டர் வாங்கிப் பேட்டரி வயரில் மாட்டினேன். பூஜ்யம்தான் காட்டுகிறது. சார்ஜர் போய்விட்டதா?

பதில்: மீட்டர் மேல் டிசி ஆம்ப் என்று இருக்கிறதா பாருங்கள். விலை குறைந்த கிளாம்ப் மீட்டர் பலவும் ஏசி மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும், பேட்டரி வயரில் ஓடுவதோ டிசி. இந்த ஒரு விஷயத்தால் நல்ல போர்டைக் கழற்றிய மெக்கானிக்குகளையும் பார்த்திருக்கிறேன். டிசி அளக்கும் மீட்டராக இருந்தால், காலியான 150 ஏஎச் பேட்டரிக்கு 15 ஆம்ப் ஓடினால் திருப்தி. அந்தக் கணக்கில் முழுதாக நிறையப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். கடைசிக் கால்வாசி ஆமை வேகம்தான், பதறாதீர்கள்.

கேள்வி: பேட்டரி பக்கம் போனால் அழுகிய முட்டை வாடை. தொட்டால் சூடு. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

பதில்: முதலில் மெயின் பிளக்கை அணையுங்கள், அப்புறம் இன்வெர்ட்டரை. ஜன்னலைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துத்தான் பேட்டரி பக்கம் போக வேண்டும். சார்ஜ் ஓடும்போது வயரை உருவாதீர்கள். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜனைக் கக்கும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். கழற்றும்போது மைனஸ் வயர் முதலில். மோதிரம், வளையல் கையில் வேண்டாம்.

காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். நிறைந்த பிறகு சார்ஜர் 13.5 முதல் 13.8-க்குள் இறங்கி நிற்க வேண்டும். உங்களுடையது இறங்காமல் 14.4-க்கு மேலேயே உட்கார்ந்திருக்கலாம். இல்லையென்றால் ஒரு செல் ஷார்ட் ஆகி, மீதி ஐந்தும் அதன் பங்கையும் சேர்த்து வாங்கி வேகின்றன. எந்தச் செல் மற்றவற்றைவிட அதிகமாகச் சுடுகிறது என்று ஆறிப்போவதற்குள் வெளிப்பக்கம் கை வைத்தால் ஓரளவு தெரியும். சரிசெய்யும் வரை அதைத் திரும்பப் போட வேண்டாம்.

கேள்வி: 24 வோல்ட் செட். இரண்டு பேட்டரியில் ஒன்று போனதால் அதை மட்டும் புதிதாகப் போட்டேன். இப்போது புதுசும் சரியில்லை.

பதில்: சார்ஜர் பார்ப்பது மொத்த வோல்ட்டை. 28.8 வந்தால் அதற்கு நிம்மதி. ஒன்றில் 15.2, இன்னொன்றில் 13.6 இருப்பது அதற்குத் தெரியாது. சார்ஜ் ஓடும்போது இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் நிலைத்து நின்றால் ஜோடி பொருந்தவில்லை. தனித்தனியாக வெளிச் சார்ஜரில் நிறைத்துவிட்டு மறுபடி சேர்த்துப் பார்க்கலாம். அதற்கும் சரிவராவிட்டால் ஜோடியாக மாற்றுவதுதான் வழி.

கேள்வி: லித்தியம் பேட்டரி. ஒரு மாதம் வெளியூர் போய்விட்டு வந்தால் 'பேட்டரி இல்லை' என்கிறது இன்வெர்ட்டர்.

பதில்: செத்திருக்காது, பெரும்பாலும் தூக்கம். வோல்ட் மிகவும் இறங்கியதும் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சுற்று வெளி இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. வெளியே பூஜ்யத்தைப் பார்க்கும் இன்வெர்ட்டர் சார்ஜைத் தொடங்க மறுக்கிறது. லித்தியத்தை எழுப்பும் வசதியுள்ள சார்ஜரில் சிறிது நேரம் போட்டால் விழித்துக்கொள்ளும். கார் பேட்டரியை நேரடியாக இணைத்து எழுப்பும் வேலை வேண்டாம். இன்வெர்ட்டரில் பேட்டரி வகை லித்தியம் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சார், முதல் கேள்வி கேட்டவன்தான். அளந்தேன். ஓய்வில் 12.1. பிளக் போட்டதும் எட்டே நிமிடத்தில் 14.3. தண்ணீர் கோடு வரை இருக்கிறது. ஆசிட்டின் அடர்த்தியைப் பார்க்க ஹைட்ரோமீட்டரும் வாங்கினேன். ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் போட்ட பிறகு ஐந்து செல்லில் 1.170, 1.180 என்று நிற்கிறது. ஒன்றில் 1.110.

பதில்: நன்றாக அளந்திருக்கிறீர்கள். நிறைந்த டியூபுலரில் 1.220 முதல் 1.240 வரை வர வேண்டும். எல்லாச் செல்லும் ஒன்றுபோல் குறைந்திருந்தால், தகட்டில் சல்ஃபேட் படிந்திருக்கிறது, நீண்ட சார்ஜ் போட்டு மீட்கப் பார்க்கலாம் என்று சொல்வேன். ஒரு செல் மட்டும் இவ்வளவு பின்தங்கிவிட்டால் பயனில்லை. மாற்றுங்கள்.

ஆனால் புதுசை மாட்டுவதற்கு முன் இரண்டு லக்கின் டேப்பையும் பிரித்துப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் வெட்டிப் புது லக் போடுங்கள். மாட்டிய அன்றே குமிழுக்கும் வயர்ச் செம்புக்கும் நடுவே ஒரு தடவை அளந்து எழுதி வையுங்கள்.

கேள்வி: பிரித்தேன் சார். பிளஸ் பக்கம் பச்சை.

பதில்: வெட்டுங்கள்.