மதகு சின்னது, வரத்து பெரிது

கேள்வி: என் டர்போ பெட்ரோல் காரில் கம்பெனி சைலன்சரை எடுத்துவிட்டு, 3 இன்ச் டவுன்பைப்போடு (டர்போவிலிருந்து கிளம்பும் முதல் புகைக்குழாய்) புகை தடையில்லாமல் போகும் முழு ஃப்ரீ ஃப்ளோ சிஸ்டம் போட்டேன். டர்போ, ஈசியு (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) எல்லாம் பழையதுதான். முன்பு 8 பிஎஸ்ஐயில் நின்ற பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்), இப்போது 3,500 ஆர்பிஎம்மில் 8 காட்டிவிட்டு மெல்ல மெல்ல ஏறி, 5,500 தாண்டும்போது 13 தொடுகிறது. உடனே வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது. பூஸ்ட் கன்ட்ரோலர் வாங்கிப் போட்டால் அடங்குமா?

பதில்: அடங்காது. அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சரிசெய்யும்வரை ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கவும் வேண்டாம். வண்டி வெட்டுவது ஈசியு பெட்ரோலை நிறுத்திப் போடும் ஃபியூயல் கட்டாகத்தான் இருக்கும். உங்கள் இன்ஜின் இன்னும் உயிரோடு இருப்பதற்கு அதுதான் காரணம். "அதைத் தூக்கிவிட்டால் வண்டி பறக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 8 பிஎஸ்ஐக்குக் கணக்குப்போட்டு அமைத்த இன்ஜினில் 13க்கான காற்று போனால், மேலே போகப்போக இன்ஜெக்டரால் அதற்கேற்ற பெட்ரோலைத் தர முடியாமல் போகும், நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது) தொடங்கும். ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு பிஸ்கட் மாதிரி உடைந்துபோன பிஸ்டன்களை நானே கழற்றியிருக்கிறேன். காது கேட்கும் முன்பே அது நடந்து முடிந்துவிடும்.

உங்களுக்கு வந்திருப்பது பூஸ்ட் கிரீப், அதாவது பூஸ்ட் கட்டுக்குள் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போவது. ஏரிக்கு மதகு எப்படியோ, டர்போவுக்கு வேஸ்ட்கேட் அப்படி. வேண்டிய அளவு பூஸ்ட் வந்ததும் ஆக்சுவேட்டர் (காற்றழுத்தத்தில் கம்பியை நகர்த்தும் பகுதி) வேஸ்ட்கேட் துளையை மூடியிருக்கும் ஃப்ளாப்பைத் திறக்கும். மிச்சப் புகை டர்பைனை (புகையால் சுழலும் சக்கரம்) தொடாமல் பக்கவாட்டில் வெளியேறிவிடும். மதகை முழுசாகத் திறந்த பிறகும் வரத்து அதிகமாக இருந்தால் நீர்மட்டம் ஏறத்தானே செய்யும்? அதேதான் இங்கேயும். டர்பைனுக்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம்தான் அதைச் சுழற்றுகிறது. பழைய சைலன்சர் பின்னால் இருந்து கொஞ்சம் எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த எதிர்ப்பையும் சேர்த்துத்தான் கம்பெனி அந்தத் துளையின் அளவை முடிவுசெய்தது. நீங்கள் எதிர்ப்பை எடுத்துவிட்டீர்கள். டர்பைனுக்கு பலம் கூடிவிட்டது, துளை மட்டும் அப்படியே இருக்கிறது. ஆர்பிஎம் ஏற ஏறப் புகையின் அளவும் ஏறுவதால் பூஸ்ட்டும் கூடவே ஏறுகிறது. குளிர்ந்த இரவில் காற்று அடர்த்தியாக இருக்கும்போது இன்னும் மோசமாகும்.

கன்ட்ரோலர் ஏன் உதவாது என்றால், ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துக்காட்டி, ஃப்ளாப் திறப்பதைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை. பூஸ்ட்டைக் கூட்டத்தான் அதற்குத் தெரியும். ஏற்கெனவே முழுசாகத் திறந்துகிடக்கும் ஃப்ளாப்பை அதற்குமேல் எப்படித் திறக்கும்?

சரி, இது உண்மையிலேயே கிரீப்தானா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சோலனாய்டை (ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தை மாற்றும் மின் வால்வு) விலக்கிவிட்டு, டர்போவின் கம்ப்ரசர் வாயிலிருந்து ஆக்சுவேட்டருக்கு ஒரே ஹோஸை நேராகப் போடுங்கள். டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சோதிக்கும் மேடை) ஏற்றி நான்காவது கியரில் ஓட்டிப் பாருங்கள். பூஸ்ட், ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் அளவிலேயே நின்றால் கோளாறு சோலனாய்டிலோ ஹோஸிலோ இருக்கிறது, செலவு மிச்சம். அப்போதும் ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏறினால் கிரீப்தான். 10 தொட்டதுமே காலை எடுத்துவிடுங்கள், 13 வரை போய்ப் பார்க்க ஒன்றுமில்லை.

அடுத்து, ஃப்ளாப் முழுசாகத் திறக்கிறதா? பெரும்பாலானவர்கள் இதைப் பார்க்காமலே டர்போவை மாற்றிவிடுகிறார்கள். உங்களைப்போலவே பைப் மாற்றிய ஒரு வண்டி என்னிடம் வந்தது. டவுன்பைப்பைக் கழற்றி வாய்க்குள் டார்ச் அடித்தேன். உட்சுவர் முழுக்கக் கரி. ஓர் இடத்தில் மட்டும் நகம் அளவுக்குப் பிறை வடிவில் இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. ஃப்ளாப் திறக்கும்போதெல்லாம் அங்கே போய் முட்டியிருக்கிறது! ஃப்ளாஞ்சை வெல்ட் செய்தவர் உள்பக்கம் ஒரு மேட்டை விட்டுவிட்டார், அவ்வளவுதான். அதை அரைத்து எடுத்தோம், கேஸ்கெட்டின் ஓரம் துளையை மறைத்த இடத்தையும் வெட்டினோம். 12க்குப் போன பூஸ்ட் 9இல் நின்றது. நீங்களும் டவுன்பைப் மாட்டியிருக்கும்போதே ஆக்சுவேட்டருக்கு ரெகுலேட்டர் வழியாகக் காற்று கொடுத்து, அதன் கம்பி எவ்வளவு நகர்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு டவுன்பைப்பைக் கழற்றிவிட்டு அதே அழுத்தத்தில் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் எங்கோ முட்டுகிறது. ரெகுலேட்டர் இல்லாமல் ஒர்க்‌ஷாப் ஏர் கம்ப்ரசரை நேரடியாகப் பிடித்தால் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் டயஃபிராம் கிழிந்துபோகும்.

எங்கும் முட்டவில்லையா? அப்படியானால் துளையைப் பெரிதாக்கவேண்டியதுதான். 25 மில்லிமீட்டர் துளையை 29 ஆக்கினால் ஏதோ கொஞ்சம் கூடியது போலத் தோன்றும். ஆனால் பரப்பளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். ஃப்ளாப்பை மூடிவைத்து அதன் விளிம்பை ஹவுசிங்கில் கோடு கிழித்துக்கொண்டு, சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது உட்காரும் இடம் விட்டு டை கிரைண்டரால் குடையவேண்டும். அதைவிடப் பெரிய துளை வேண்டுமானால் ஃப்ளாப்பையும் பெரிதாக மாற்றவேண்டும். உள்பக்கம், புகை வந்து திரும்பும் விளிம்பைக் கூராக விடாமல் வழவழப்பாக வளைத்துவிடச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் துளையின் அளவுக்கு ஈடாக அந்த வளைவும் வேலைசெய்கிறது. நேராக ஓடும் புகை திரும்ப வழி கிடைத்தால்தான் துளைக்குள் போகும். ஹவுசிங்கை டர்போவிலிருந்து தனியாகக் கழற்றித்தான் இதையெல்லாம் செய்யவேண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சக்கரத்தில் ஓர் இரும்புத் துகள் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

அதுவும் போதவில்லை என்றால், டர்போவுக்கு வெளியே தனியாக வைக்கும் எக்ஸ்டர்னல் வேஸ்ட்கேட். 38 அல்லது 44 மில்லிமீட்டர் போடலாம். குறைந்த பூஸ்ட்டுக்குச் சின்ன கேட் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு! பூஸ்ட் குறைய வேண்டுமானால்தான் நிறையப் புகையை வெளியே விடவேண்டும், அதற்குத்தான் பெரிய கேட் வேண்டும். எந்த இடத்தில் வைப்பது என்பதும் முக்கியம். இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்துக் கொண்டுவரும் மேனிஃபோல்டின் எல்லாக் குழாய்களும் கூடும் இடத்தில், புகை போகும் திசையிலேயே சாய்வாகப் பிரியவேண்டும். குழாயின் பக்கத்தில் செங்குத்தாக ஒட்டவைத்தால் 44உம் போதாமல் போகும்.

கேள்வி: மிதித்தவுடன் ஒரு நொடி 11க்குத் துள்ளிவிட்டு 8இல் வந்து நிற்கிறது. இதுவும் கிரீப்பா?

பதில்: இல்லை, இது ஸ்பைக். ஃப்ளாப் திறக்கத் தாமதமாகிறது. ஹோஸ் நீளமாக இருந்தால் குறையுங்கள், ஆக்சுவேட்டர் கம்பி துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் இருந்தால் அமைப்பைத் திருத்தினாலே பெரும்பாலும் சரியாகும்.

கேள்வி: பைப்புக்குள் துளை போட்ட தட்டு வைத்துக் கிரீப்பை அடக்கலாமா?

பதில்: அடங்கும். ஆனால் புகை தேங்கி டர்பைன் பக்கம் சூடு கூடும், செலவுசெய்து போட்ட 3 இன்ச் பைப்பின் பலனும் போய்விடும். துளை குடைய நாள் கிடைக்கும்வரை வண்டியை ஓட்டியே ஆகவேண்டும் என்றால் மட்டும் வையுங்கள். டவுன்பைப் முடிந்து அடுத்த பைப் தொடங்கும் ஃப்ளாஞ்சில் வையுங்கள். டர்போவின் வாயில் வைத்தால் ஃப்ளாப் போய் அதில் முட்டும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டீர்கள் என்றால் தட்டுக்குப் பதில் அதையே திரும்ப மாட்டிப் பாருங்கள். பல நாடுகளில் அது இல்லாமல் சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். அதைப் போட்டதுமே பூஸ்ட் பழைய இடத்துக்கு வந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.