ஓபி சீட்டு போதுமா, படுக்கை வேண்டுமா?

கேள்வி: எனக்கு 34 வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாலு மாதமாகத் தூக்கம் சரியில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் ஃபேனைப் பார்த்தபடி கிடக்கிறேன். வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், ஆனால் எதிலும் மனசு ஒட்டவில்லை. திடீர் திடீரென்று அழுகை வருகிறது. எங்கள் தெரு டாக்டர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி மூன்று வாரம் ஆகிறது. போனால் அங்கேயே சேர்த்துவிடுவார்களோ என்று பயம். வந்து போகிற வைத்தியம் எனக்குப் போதுமா?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: முதலில் பீரோவைத் திறந்து அந்தச் சீட்டை எடுங்கள்.

ஒரு கடிதத்தை வைத்து உங்களுக்கு இன்ன நோய் என்று நான் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்வது போன்ற தொந்தரவோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டு அன்று மத்தியானமே வீடு திரும்புகிறவர்கள்தான். மனநல ஆஸ்பத்திரி என்றாலே நமக்கு இரும்புக் கதவும் சினிமா காமெடியும்தானே ஞாபகத்துக்கு வருகின்றன, கீழ்ப்பாக்கம் என்கிற பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். 1794-இல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரிக்கும் தினமும் பஸ் பிடித்து வந்து, காட்டிவிட்டு, பஸ் பிடித்துத் திரும்புகிற கூட்டம்தான் அதிகம். நீங்கள் அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் திருச்சியில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இப்போது எல்லா மாவட்டத்துக்கும் வந்துவிட்டது, உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநல ஓபி உண்டு, மாத்திரையும் இலவசம்.

சரி, போதுமா போதாதா என்பதற்கு வருகிறேன். நோய் எவ்வளவு பெரியது என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்வதில்லை. புறநோயாளி வைத்தியம் என்பது டாக்டரின் அறையில் நடக்கிற பத்து இருபது நிமிஷம் அல்ல, அடுத்த முறை வருகிற வரைக்கும் உங்கள் வீட்டில் நடக்கிற பதினைந்து நாள். அந்தப் பதினைந்து ராத்திரியை உங்கள் வீடு தாங்குமா? நான் ஓபியில் உட்கார்ந்திருந்த வருடங்களில் புதிதாக வருகிற யாரைப் பார்த்தாலும் மனசுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான்.

உங்களுக்கு முழிப்பு வருகிற அந்த மூன்று மணியையே எடுத்துக்கொள்வோம். அப்போது என்ன நினைப்பு ஓடுகிறது? 'இப்படி இருப்பதற்கு இல்லாமலே போகலாம்' என்று எப்போதாவது தோன்றினால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்காக உடனே படுக்கை போட்டுவிட மாட்டார்கள். ஆனால் எப்படி, எப்போது என்று மனசு திட்டம் போட ஆரம்பித்திருந்தால் ஓபி நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, ராத்திரியானாலும், வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லி, அவரோடு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

அதேபோல, சோறு தண்ணீர் இறங்காமல் உடம்பு ஓய்ந்துபோனாலும், இல்லாத குரல் காதில் கேட்டு அது ஏதாவது செய்யச் சொன்னாலும், ஓபி சீட்டு போதாது.

இன்னொன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. திரும்ப வர உங்களால் முடியுமா? ஷிப்டு வேலையில் ஓபிக்குப் போனால் அரை நாள் சம்பளம் போகும். நோயாளிக்கு மாத்திரை ஒத்துக்கொண்டிருக்கும், ஆனால் சூப்பர்வைசரிடம் மூன்றாவது முறை லீவு கேட்கக் கூச்சப்பட்டு வைத்தியம் அறுந்துபோயிருக்கும், இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே டாக்டரிடம் வேலை நிலவரத்தைச் சொல்லுங்கள். நிலைமை சீரான பிறகு மாதத்துக்கு ஒரு தடவை வருகிற மாதிரி அமைத்துக்கொள்ளலாம்.

மாத்திரை எழுதினால் ஒரு விஷயம். மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி அரை மணியில் கேட்காது, பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும். ஆனால் குமட்டல், வயிற்றுக் கோளாறு போன்ற தொல்லையெல்லாம் முதல் வாரமே வந்துவிடும். அதாவது கெட்டது முன்னே வரும், நல்லது பின்னே வரும். பலர் இந்த இடைவெளியில்தான் ஓடிப்போகிறார்கள். ஓடாதீர்கள், தொல்லையைப் போய்ச் சொன்னால் அளவையோ மாத்திரையையோ மாற்றித் தருவார்கள். பதற்றம் கூடினாலோ, சாவு நினைப்பு புதிதாக வந்தாலோ அன்றைக்கே சொல்ல வேண்டும். நன்றாகிவிட்டது என்று தோன்றுகிற நாளில் நீங்களாக நிறுத்தவும் கூடாது, அதற்குப் பிறகும் ஆறு மாதம், அதற்கு மேலும்கூடத் தொடரச் சொல்வது வழக்கம். தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ள வேண்டாம், அவையும் சோர்வையும் அழுகையையும் கொண்டுவரும்.

சேர்த்துவிடுவார்களோ என்ற பயத்துக்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பதில் சொல்கிறது. நீங்களாக விரும்பிச் சேர்ந்தால் நீங்களாகக் கிளம்பலாம், டாக்டருக்குக் கவலை இருந்தால் 24 மணி நேரம் நிறுத்திப் பரிசோதிக்கலாம், அவ்வளவுதான். விருப்பமில்லாதவரைச் சேர்க்க வேண்டுமானால் அவருடைய பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும், இருவர் தனித்தனியே பரிசோதித்துச் சேர்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். வேலைக்குப் போய்ச் சமைத்தும் வைக்கிற உங்களைப் பிடித்து உட்கார வைக்க யாருக்கும் நேரமும் இல்லை, படுக்கையும் இல்லை.

கேள்வி: தம்பி தினமும் குடிக்கிறான். காலையில் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது. 'ஓபியில் மாத்திரை வாங்கிக் கொடு, வீட்டிலேயே விட்டுவிடுகிறேன்' என்கிறான். நம்பலாமா?
— அக்கா, விழுப்புரம்

பதில்: தம்பியை நம்புங்கள், அந்த நடுக்கத்தை நம்பாதீர்கள். காலையில் நடுங்குகிற அளவுக்கு உடம்பு பழகிவிட்டால், குடியைச் சட்டென்று நிறுத்துவதே ஆபத்து. முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், ஆள் அடையாளம் தெரியாமல் உளறலாம், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். ஊரில் இதைக் காத்துக் கருப்பு என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போய் உயிரை விட்டவர்கள் உண்டு. முன்பே ஒரு தடவை வலிப்பு வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். லேசான நடுக்கம்தான், பக்கத்தில் ஆள் இருக்கிறது என்றால் சிலருக்கு டாக்டரே வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்வதும் உண்டு, ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும், தம்பி அல்ல. அதுவரை அவனாக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், நாளைக்கே கூட்டிப் போய்க் காட்டுங்கள். கஷ்டமான அந்த ஒரு வாரத்தைக் கடந்த பிறகு ஓபிதான், அது மாதக் கணக்கில் போகும்.

கேள்வி: மகனுக்கு 22 வயது. அறையை விட்டு வருவதில்லை, தனியாகப் பேசுகிறான், பக்கத்து வீட்டார் தன்னைக் கேமராவில் பார்ப்பதாகச் சொல்கிறான். ஆஸ்பத்திரி என்றால் கத்துகிறான். நான் மட்டும் ஓபிக்குப் போய் மாத்திரை வாங்கிக் காப்பியில் கலந்து கொடுக்கலாமா?
— ஒரு தாய், கும்பகோணம்

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா, போய்ப் பேசுங்கள். எப்போதிலிருந்து, எத்தனை மணி நேரம் தூங்குகிறான், யாரையாவது அடிக்க வந்தானா என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. காப்பியில் கலப்பது மட்டும் வேண்டாம். ஏற்கெனவே எல்லோர் மேலும் சந்தேகப்படுகிற பிள்ளை அது. ஒருநாள் டம்ளரின் அடியில் பொடியைப் பார்த்துவிட்டால் அவனுக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆளான நீங்களும் எதிரிப் பட்டியலில் சேர்ந்துவிடுவீர்கள், அப்புறம் சோறே சாப்பிட மாட்டான். 'உனக்கு மூளையில் கோளாறு' என்று ஆரம்பிக்காமல் 'தூக்கம் வரவில்லையே, அதற்கு மட்டும் காட்டலாம்' என்று கூப்பிட்டுப் பாருங்கள். தூக்கமில்லாத கஷ்டம் அவனுக்கே தெரியும், ஆகையால் அது பொய்யும் இல்லை. அவன் மிரண்டு தன்னையோ பிறரையோ காயப்படுத்தப் போகிறான் என்று தெரிந்தால் இந்தப் பக்குவமெல்லாம் பார்க்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஓபிக்குப் போனால் ஆபீசுக்குத் தெரியுமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?
— ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்

பதில்: உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது முன்பு சொன்ன அதே சட்டத்தில் இருக்கிறது, ஆபீசுக்கு யாரும் போன் போட மாட்டார்கள். மற்ற நோய்களுக்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால் நம் ஊரில் பெரும்பாலான பாலிசிகள் படுத்தால்தான் பணம் தரும், ஓபி செலவு உங்கள் பாக்கெட்டிலிருந்து. வந்து போனாலே சரியாகிற ஆளுக்கு இது அநியாயம்தான். பாலிசியில் ஓபி பற்றித் தனியாக ஏதும் எழுதியிருக்கிறதா என்று ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், அதற்காக இந்த வாரம் வாங்கிய அப்பாயின்ட்மென்டைத் தள்ளிப்போட வேண்டாம்.