மினுச்சினும் எங்கள் வீடுகளும்: கேள்வி பதில்

குடும்ப உளச்சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவரான சல்வடோர் மினுச்சின் (1921–2017) பற்றியும் அவரது சிகிச்சை முறை பற்றியும் வந்த கேள்விகளுக்கு, கொழும்பில் பணியாற்றும் உளமருத்துவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன்.

கேள்வி (மருத்துவ மாணவி, கொட்டாஞ்சேனை): சிறுவர் வைத்தியராகத் தொடங்கியவர் குடும்பங்களின் பக்கம் எப்படித் திரும்பினார்?

ஆர்ஜென்டீனாவில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூத வம்சத்தில் பிறந்த மினுச்சின், 1948இல் இஸ்ரேலில் இராணுவ வைத்தியராகப் பணியாற்றி, பின்னர் அமெரிக்காவில் சிறுவர் உளமருத்துவம் பயின்றார். நியூயோர்க் மாநிலத்தின் வில்ற்விக் பாடசாலையில்தான் திருப்பம் நிகழ்ந்தது. குற்றச்செயல்களில் சிக்கிய வறிய குடும்பச் சிறுவர்களைத் தனித்தனியே அழைத்துப் பேசியதால் நிலையான பயன் இல்லை என்பதைக் கண்ட அவரும் சகாக்களும், குடும்பத்தினரையும் வரவழைத்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஊடாகப் பார்க்கக்கூடிய கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஒருவர் வேலையை மற்றவர் அவதானித்தார்கள். தனி ஒருவரின் ஆழ்மனத்தைப் பேச்சின் ஊடாக ஆராயும் உளப்பகுப்பாய்வில் முறையான பயிற்சி பெற்ற ஒருவர், தான் கற்ற முறை இந்தச் சிறுவர்களுக்குப் போதாது என்று ஏற்றுக்கொண்டது சாதாரண விடயமன்று. 1965இல் பிலடெல்பியா சிறுவர் வழிகாட்டல் நிலையத்தின் பொறுப்பை ஏற்றபின், பட்டமில்லாத அயலவர்களையும் குடும்ப சிகிச்சையாளர்களாகப் பயிற்றுவித்தார்.

கேள்வி (ஒரு தாய், வெள்ளவத்தை): உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது மகன் அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிறான். அவனுக்குத்தானே சிகிச்சை வேண்டும்? எங்களையும் வரச் சொல்வது நாங்கள் பிழை செய்தோம் என்பதாலா?

இல்லை, அம்மா. பிலடெல்பியாவில் நடந்த ஓர் ஆய்வைச் சொன்னால் காரணம் விளங்கும். நீரிழிவு உள்ள சில பிள்ளைகள் வைத்தியசாலையில் இருக்கும்போது நன்றாக இருந்தார்கள். அதே இன்சுலினோடு வீடு திரும்பியதும் மீண்டும் மீண்டும் ஆபத்தான நிலைக்குப் போனார்கள். மினுச்சினின் குழுவினர் பெற்றோரை ஓர் அறையில் இருத்தி, அவர்களிடையே தீராதிருந்த ஒரு விடயத்தைப் பேசச் சொல்லி, பிள்ளையைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்க்கவிட்டார்கள். பின்னர் பிள்ளையையும் உள்ளே அழைத்தார்கள். இடையிடையே எல்லோரிடமும் இரத்தம் எடுத்து, மன அழுத்தத்தின்போது உயரும் கொழுப்பமிலங்களின் அளவைப் பார்த்தார்கள். பிள்ளை உள்ளே வந்ததும் பெற்றோரின் அளவு இறங்கியது, பிள்ளையின் அளவோ உயர்ந்தபடியே இருந்தது. பெற்றோரின் பிணக்கு பிள்ளையின் ஊடாகத் திசைமாறிச் சென்றதாக அவர்கள் இதை விளக்கினார்கள். அந்தப் பெற்றோர் கெட்டவர்கள் அல்லர். தாங்கள் செய்வதை அவர்களே அறியவில்லை.

ஆகவே உங்களை அழைப்பது விசாரணைக்கு அன்று. மகன் பூட்டிய கதவுக்கு வெளியே வீட்டில் என்ன நடக்கிறது, யார் தட்டுகிறார்கள், யார் தட்ட வேண்டாம் என்கிறார்கள், அதன்பின் இருவரும் பேசிக்கொள்கிறீர்களா என்பதெல்லாம் எமக்குத் தேவை. அதே வேளை, அவனுக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்பதைத் தனியாகவும் பரிசோதிக்க வேண்டும். குடும்பத்தைப் பார்க்கிறோம் என்ற பெயரில் அதைத் தவறவிடுவது பெரிய ஆபத்து.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், தெஹிவளை): குடும்பத்துக்குள் ‘எல்லைகள்’ வேண்டும் என்பது மேற்கத்தேயக் கருத்து. அம்மம்மா வளர்க்கும் பிள்ளைகள் உள்ள எங்கள் வீடுகளுக்கு அது பொருந்துமா?

பொருந்தும் ஐயா. எல்லை என்பது வீட்டில் யார் எதற்குப் பொறுப்பு என்பதை வகுக்கும் கோடு, அதை மதிலாக விளங்கிக்கொள்ளக் கூடாது. பாட்டி பிள்ளை வளர்ப்பதையோ, மூத்த பிள்ளை தம்பி தங்கையரைப் பார்ப்பதையோ மினுச்சின் நோயாகக் கருதவில்லை. பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பது தெளிவில்லாத இடத்தில்தான் சிக்கல் என்றார். தந்தை டோஹாவிலிருந்து தொலைபேசியில் ஒரு தீர்ப்புச் சொல்ல, அம்மம்மா அதை மாற்ற, தாய் இருவருக்கும் இடையில் மௌனமாக இருக்கும் வீட்டில், பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையே வீட்டின் முடிவுகளை எடுக்கிறாள் என்பதை இங்கே அடிக்கடி காண்கிறேன். போர், இடப்பெயர்வு, புலம்பெயர்வு என்பவற்றால் பிரிந்த குடும்பங்களுக்கு இந்தத் தெளிவு இன்னும் அதிகமாகத் தேவை.

கேள்வி (உளவளத்துணையாளர், வத்தளை): அவருடைய முறைக்கு எதிரான விமர்சனங்கள்?

இரண்டு முக்கியமானவை. உணவை மறுக்கும் நோயுற்ற 53 பேரில் 86 வீதமானோர் குணமடைந்ததாக மினுச்சினும் சகாக்களும் 1978இல் வெளியிட்டார்கள். ஒப்பிடுவதற்குக் கட்டுப்பாட்டுக் குழு இருக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட வகைக் குடும்பங்களே இந்த நோயை உண்டாக்குகின்றன என்ற கருத்து இன்று ஏற்கப்படுவதில்லை. லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் வளர்ந்த பிற்கால முறை, பெற்றோரைக் காரணமாகக் கருதாது துணையாகச் சேர்த்துக்கொள்கிறது. மற்றது பெண்ணியவாதிகளின் விமர்சனம்: ஆண், பெண் அதிகார ஏற்றத்தாழ்வைக் கேள்விக்கு உட்படுத்தாமல், தாயை விலகச் சொல்லித் தந்தையை முன்னே கொண்டுவந்தார் என்பது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

கேள்வி (உள்ளகப் பயிற்சி வைத்தியர், கொழும்பு): இத்துறைக்கு வர என்ன வழி?

உள்ளகப் பயிற்சிக்குப் பின்னர், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் உளமருத்துவ எம்.டி. கற்கையில் சேர வேண்டும். குடும்ப சிகிச்சையை ஏடுகளில் மட்டும் படித்துக் கற்க முடியாது. மூத்தவர் ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும்.

கேள்வி (இல்லத்தரசி, பம்பலப்பிட்டி): கணவர் சிகிச்சைக்கு வர மறுக்கிறார். அவசரமானால் யாரிடம் பேசுவது?

நீங்களும் பிள்ளையும் முதலில் வாருங்கள். அதன்பின் வைத்தியரே கணவரை அழைத்து, ‘பிள்ளையைப் பற்றி உங்கள் கருத்தும் எனக்கு வேண்டும்’ என்று கேட்கலாம். குற்றம் சாட்டப்படுவோம் என்று அஞ்சும் தந்தையர் பலர் இதற்கு இணங்குவார்கள். வீட்டில் எவராவது உயிரை மாய்த்துக்கொள்வதாகச் சொன்னால் கணவர் இணங்கும்வரை காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாது, அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம்.