தீயால் களை எடுக்கும்போது எரிவாயுவுக்குப் பதிலாக விறகைப் பயன்படுத்த முடியுமா?

முடியும்; ஆனால் அடுப்பில் எரிப்பதுபோல் நேரடியாக அல்ல.

வெப்பக் களையெடுப்பில் களையைச் சாம்பலாக்குவதில்லை. சுடர் கணநேரம் பட்டாலே இலைச் செல்களின் நீர் சூடேறிச் சவ்வுகள் சிதையும். சில மணி நேரத்தில் செடி வாடிவிடும். இலையை விரலால் அழுத்தினால் கரும்பச்சையாக ரேகை பதிய வேண்டும். பதிந்த பிறகும் தீயைக் காட்டுவது வீண் செலவு.

ஐரோப்பிய, அமெரிக்க இயற்கை விவசாயிகள் கேரட் சாகுபடியில் இதை அதிகம் கையாளுகிறார்கள். கேரட் விதை மெதுவாக முளைக்கும், களைகளோ முந்திக்கொள்ளும். பயிர் தலைகாட்டுவதற்குச் சற்று முன்பு புரொப்பேன் எரிவாயு பர்னரை வயலில் ஓட்டினால், இளம் அகன்ற இலைக் களைகள் எளிதில் மடியும். புல் வகைகள் அப்படியல்ல: வளர்நுனி மண்ணை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருப்பதால் மீண்டும் துளிர்க்கும். கோரையிடம் இந்த வித்தை பலிக்காது, கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும்.

இனி விறகு. உலர்ந்த மரத்தில் கிலோவுக்குச் சுமார் 18 மெகாஜூல் ஆற்றல் உண்டு, புரொப்பேனில் 46. எடை கூடுவதைச் சமாளிக்கலாம், சிக்கல் சுடரில்தான். பர்னருக்காக மரத்தைக் குறைந்த காற்றில் எரித்து வாயுவாக்கலாம்; ஆனால் அந்த வாயுவில் ஏறக்குறைய பாதி எரியாத நைட்ரஜன் என்பதால் சுடர் வலுவிழக்கிறது. தார் வேறு குழாயை அடைக்கும். மரச்சில்லுகளால் கொதிகலனைச் சூடாக்கி, நீராவியையோ வெந்நீரையோ களைமேல் செலுத்துவதே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. சருகு பற்றிக்கொள்ளும் அபாயமும் குறைவு. தண்ணீர் மட்டும் நிறையவே தேவைப்படும்.