‘ஹார்ட்னஸ்’ ருஷ்ய மொழியில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எஃகுப் பாகங்களின் வெப்பப் பதப்படுத்தல் பற்றிய கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து ருஷ்ய மொழிக்குப் பெயர்த்துவருகிறேன். அதில் ‘ஹார்ட்னஸ்’ என்ற சொல் எஃகுக்கும் ரப்பர் வளையங்களுக்கும் குளிர்விக்கும் நீருக்கும் வருகிறது. எல்லா இடங்களிலும் ‘த்வ்யோர்தஸ்த்’ என்றே எழுதலாமா? ‘ஹார்டனபிலிட்டி’க்கு எதை இடுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எஃகுக்கும் ரப்பருக்கும் எழுதலாம், நீருக்குக் கூடாது. அழுத்தப்படும் முனைக்கு ஒரு பொருளின் பரப்பு காட்டும் எதிர்ப்பே த்வ்யோர்தஸ்த் என்பதால், பிரினெல், ராக்வெல், விக்கர்ஸ் சோதனைகளோடு ரப்பருக்கான ஷோர் சோதனையும் அதில் அடங்கும். நீரில் கரைந்த கால்சியம், மக்னீசிய உப்புகளின் அளவுக்கு ‘ஷோஸ்த்கஸ்த்’ என்பதே வழக்கு. ஆனால் இயந்திரவியலில் இதே ஷோஸ்த்கஸ்த் விறைப்பை, அதாவது வளையாமல் எதிர்த்து நிற்கும் பண்பைக் குறிக்கும். எஃகைச் சூடாக்கி விரைந்து குளிர்வித்துப் பதப்படுத்தும்போது கடினத்தன்மை பெரிதும் உயரும், விறைப்போ ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஆகவே எஃகைப் பற்றிய வாக்கியத்தில் இச்சொல் நுழைந்தால் நடை மட்டுமல்ல, உண்மையே பிசகிவிடும்.

உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் பொறி இருக்கிறது. ருஷ்ய உலோகவியலாளர்கள் இங்கே இரண்டு பண்புகளைப் பிரித்துப் பேசுகிறார்கள். விரைந்து குளிர்விக்கும்போது எஃகு எவ்வளவு கடினமாகும் என்பது ‘ஸகாலிவாயெமஸ்த்’. இதைப் பெரும்பாலும் கரியின் அளவு தீர்மானிக்கிறது. அக்கடினம் பரப்பிலிருந்து எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது ‘ப்ரகாலிவாயெமஸ்த்’. குரோமியம், மாங்கனீசு, மாலிப்டினம் போன்ற கலப்புத் தனிமங்கள் இதைக் கூட்டும். ஆங்கில நூல்களில் ஹார்டனபிலிட்டி என்பது வழக்கமாக ஆழத்தையே சுட்டுகிறது. உருளையின் ஒரு முனையில் மட்டும் நீரைப் பாய்ச்சிக் குளிரவைத்து, அம்முனையிலிருந்து தள்ளித் தள்ளிக் கடினத்தன்மையை அளக்கும் ஜோமினி சோதனை அந்தப் பத்தியில் வந்தால் ப்ரகாலிவாயெமஸ்த் என்று தயங்காமல் எழுதுங்கள். ஒலியையும் வேரையும் பார்த்து முதல் சொல்லுக்குப் போகிறவர்களே அதிகம் என்பது என் கணிப்பு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். ராக்வெல் சி அளவுகோலின் எச்ஆர்சி குறியீட்டை லத்தீன் எழுத்திலேயே விட்டுவிடுங்கள். சோவியத் கால வரைபடங்களில் அதனருகே ருஷ்ய ‘எ’ எழுத்து ஒன்று சிறிதாக ஒட்டியிருக்கும். அது அரசின் சிறப்பு அளவுத்தரத்தைச் சார்ந்த வேறொரு அளவுகோல், எண்களும் சற்றே வேறுபடும். பழைய ஆவணத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று அந்த எழுத்தை மட்டும் ஒட்டி, ஆங்கில மூலத்தின் எண்ணை மாற்றாமல் விடுவது பிழை. எண்ணை மாற்றுவது பொறியாளரின் வேலை. நீங்கள் மூலத்தில் உள்ளபடியே எழுதி, அருகில் அவருக்கு ஒரு குறிப்பு வையுங்கள்.