பி.எஸ்.ஏ. அளவு கூடினால் புற்றுநோய்தானா?

கேள்வி: எனக்கு வயது 62. போன வருடம் 2.4 இருந்த பி.எஸ்.ஏ. அளவு இப்போது 6.8 என்று வந்திருக்கிறது. பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பு சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் வந்து மாத்திரை சாப்பிட்டேன். பிராஸ்டேட் புற்றுநோயாக இருக்குமோ என்று தூக்கமே வருவதில்லை.

பதில்: 6.8-ஐ விட அந்தக் காய்ச்சல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பி.எஸ்.ஏ. என்பது, ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் பிராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் ஒரு புரதம். விந்துவை நீர்க்கச் செய்வது அதன் வேலை. ரத்தத்தில் துளியளவுதான் கசியும். புற்றுநோய் வந்தால் இந்தக் கசிவு கூடலாம். கிருமித் தொற்றில் சுரப்பி வீங்கினாலும் கூடும், வயதாக ஆக அது பெருத்தாலும் கூடும். எதனால் கூடியது என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தொற்றினால் ஏறிய அளவு இறங்க 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். நீங்கள் இரண்டே வாரத்தில் ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள்.

தொற்று முழுதாகக் குணமாகி 6 வாரமாவது கழித்து, அதே ஆய்வகத்தில் மறுபடி பாருங்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவு கொஞ்சம் மாறும். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் உடலுறவும் நீண்ட சைக்கிள் பயணமும் வேண்டாம். இடையில் சிறுநீர்க் குழாய் ஏதும் போட நேர்ந்தால், இன்னும் சில வாரம் தள்ளிப்போடச் சொல்வார்கள். எண்ணைக் குறைப்பதற்காக மட்டும் நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அளவு இறங்கினாலும் புற்றுநோய் இல்லை என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது.

பலர் சொல்ல மறந்துவிடும் ஒரு விஷயம், மாத்திரைகள். பிராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டரைடு, டுட்டாஸ்டரைடு இரண்டும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் பி.எஸ்.ஏ. அளவை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால், உண்மையில் 6 என்று கணக்கிட வேண்டும். முடி கொட்டாமல் இருக்க எடுக்கும் 1 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடும் இதையே செய்யும். முடிக்குத்தானே என்று அதை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவதுதான் எனக்குக் கவலை. உடல் பருமன் உள்ளவர்களுக்கும் அளவு குறைத்துக் காட்டலாம். முடி, நகத்துக்காக எடுக்கும் பயோட்டின் என்ற வைட்டமினை அதிக அளவில் சாப்பிட்டால் சில ஆய்வக முறைகளில் முடிவே பிசகும். நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் எழுதி எடுத்துப் போங்கள்.

மறுபரிசோதனையிலும் கூடுதலாகவே இருந்தால், சிறுநீரியல் நிபுணரை (யூராலஜிஸ்ட்) பாருங்கள். அப்போதும் உடனே ஊசி போட்டுத் திசு எடுப்பார்கள் என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. பார்த்த பிறகே முடிவெடுப்பார்கள். ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் திரும்பினாலோ இந்த 6 வாரக் கணக்கை விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.